இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய கணித நாளையொட்டிக் கடந்த டிசம்பர் 22-ஆம் தேதி தங்கள் நாளிதழின் இணைப்பில் வெளிவந்த ராமானுஜன் பற்றிய கட்டுரையை முழுவதும் படித்தேன். ஆண்டுதோறும் இந்த நாளில் 1729 என்ற டாக்சி எண்ணின் கதையே திரும்பத் திரும்ப எழுதப்பட்டுவரும் நிலையில், அதைத் தாண்டி, மிக அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் பட்டியலில் இடம்பெறாமல் போன பன்னிரண்டு இலக்க எண் ஒன்றைப் பற்றித் தங்கள் கட்டுரையாளர் எழுதியிருந்தது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி அளித்தது. ஆனால் அந்த எண்ணே தவறாக அச்சாகியிருக்கிறது. 293318625600 என்று இருக்க வேண்டியது, தலைப்பிலும் உள்ளேயும் 293381625600 என்று வந்திருக்கிறது. நடுவில் உள்ள 1, 8 என்ற இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிட்டன.

இதைக் கண்டுபிடித்தவள் எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி. இந்த எண்ணை 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது. அது உண்மைதானா என்று பார்த்துவிடுவது என்று, தேதி கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவள் வகுக்கத் தொடங்கினாள். 2, 3, 4, 5 என்று வரிசையாகச் சரியாக வந்தது, 7-லும் வந்தது, 9-லும் வந்தது. 11-இல் மட்டும் மீதி 8 வந்து நின்றது. தன் வகுத்தலில்தான் பிசகு என்று நினைத்து இன்னொரு தாளில் முதலிலிருந்து போட்டாள். மறுபடியும் 8. "தாத்தா, பேப்பர்ல போட்டது தப்பா இருக்குமா?" என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, பேப்பரில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். அது என் தவறு. 13-ஆல் வகுத்தபோதும் மீதி 11 வந்ததும்தான் பேனாவை எடுத்துக்கொண்டு அவளுடன் உட்கார்ந்தேன்.

சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய செகண்ட் லைன் பீச்சில், துறைமுகச் சரக்குகளை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். இலக்கங்கள் இடம் மாறுவது எங்கள் தொழிலில் தினப்படி வரும் தொல்லை. மாதக் கடைசியில் டிரயல் பேலன்ஸ், அதாவது பற்று வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல், ஒட்டாமல் நின்றால், வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து, அதை 9-ஆல் வகுப்பதுதான் முதல் வேலை. மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ ஓரிடத்தில் 36-ஐ 63 என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம் என்று பெரியவர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தாம் இடத்தில் இருந்த இலக்கம் ஒன்றாம் இடத்துக்கு வரும்போது தன் மதிப்பில் ஒன்பது பங்கை இழக்கிறது, ஒன்றாம் இடத்தில் இருந்தது ஒன்பது பங்கைப் பெறுகிறது. ஆகவே வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்காகவே இருக்கும். தாங்கள் அச்சிட்ட எண்ணிலிருந்து சரியான எண்ணைக் கழித்தால் 6 கோடியே 30 லட்சம் வருகிறது. 9-ஆல் வகுத்தால் 70 லட்சம். இதே காரணத்தால், இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் பள்ளிக்கூட முறை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு எண்களிலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை 45-தான். பேத்தியின் தாளில் 9 சரியாக வந்ததும் அதனால்தான்.

துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கன்டெய்னரின் எண்ணிலும், நான்கு எழுத்தும் ஆறு இலக்கமும் முடிந்தபின், கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம் இருப்பதை மணலி சாலையில் டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் நிற்கும் எவரும் பார்த்திருப்பார்கள். எழுத்துகளுக்கும் ஒவ்வொரு மதிப்புக் கொடுத்து, இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மீதியே அந்தக் கடைசி இலக்கம். சரக்கைக் கணக்கெடுக்கும் டேலி ஷீட்டில் எழுதும்போது அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை யாராவது மாற்றி எழுதிவிட்டால் பெரும்பாலும் அது ஒத்துப்போகாது. பெட்டி எண் தப்பு என்று உடனே தெரிந்துவிடும். நம் பன்னிரண்டு இலக்க எண்ணுக்கு அப்படிக் கட்டம் போட்ட இலக்கம் யாரும் வைக்கவில்லை. ஆனால் அதன் அமைப்பே அந்தக் காவலைச் செய்கிறது.

அதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். 7, 11, 13 ஆகிய மூன்றையும் பெருக்கினால் 1001. ஆயிரம் என்பது இதற்கு ஒன்று குறைவு. ஆகவே எந்தப் பெரிய எண்ணையும் வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, முதல் பிரிவைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, அதற்கடுத்ததைக் கூட்டி என்று மாறி மாறிச் செய்தால் கிடைப்பது 7, 11, 13 ஆகியவற்றால் வகுபடுகிறதா என்று பார்த்தால் போதும். முழு எண்ணுக்கும் அதுவே பதில். சரியான எண்ணை 293, 318, 625, 600 என்று பிரித்துக்கொள்ளுங்கள். 600-இல் 625 போனால் 25 குறைகிறது. 318-இல் 293 போனால் 25 மிஞ்சுகிறது. இரண்டும் கழிந்து பூஜ்ஜியம் வருகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் போட்டுப் பார்த்தபோது என் பேத்தி கைதட்டியே விட்டாள். தாங்கள் அச்சிட்ட எண்ணில் 318 இருந்த இடத்தில் 381 இருப்பதால், பூஜ்ஜியத்துக்குப் பதில் 63 வருகிறது. 63 என்பது 7-ஆல் வகுபடும். 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. நாள்காட்டித் தாளில் நடந்தது அப்படியே இதுதான்.

இனி அந்த எண் எதனால் ஆனது என்பதைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கட்டுரையில் இந்தப் பகுதி மிகச் சுருக்கமாக முடிந்துவிட்டது. ஆறு 2-கள், நான்கு 3-கள், இரண்டு 5-கள், இரண்டு 7-கள், பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒருமுறை. இவற்றையெல்லாம் பெருக்கினால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 வரும். இதன் காரணிகள் எத்தனை என்று எண்ண, ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கத் தேவையில்லை. ஒரு காரணியில் 2 என்பது ஒருமுறைகூட வராமலும் இருக்கலாம், ஆறு முறை வரையிலும் வரலாம். ஆக 7 வழிகள். 3-க்கு 5 வழிகள், 5-க்கும் 7-க்கும் மூன்று மூன்று, கடைசி நான்கு பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. பெருக்கினால் 5040. ஒன்று முதல் இந்த எண் வரைக்கும் உள்ள 29 ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட எண்களில், இதைவிடச் சிறிய எதற்கும் 5040 காரணிகள் கிடையாது. அதுதான் இதன் பெருமை. 1 முதல் 30 வரையிலான எண்களில் 23, 29 ஆகிய இரண்டைத் தவிர மற்ற அனைத்தாலும் இது மீதியின்றி வகுபடும். 5040-ம் சாதாரண எண் இல்லை. 1 முதல் 7 வரை பெருக்கினால் கிடைப்பது அது.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்ணை உயர்பகு எண் என்கிறோம். 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை. அடுத்து 24, 36, 48, 60 என்று வரிசை போகிறது. எங்கள் கிடங்குகளில் அட்டைப்பெட்டிக்கு 12, 24, 36, 48 என்றே சரக்கு அடைத்து வரும். 24 உருப்படிகளை இரண்டு வரிசையாகவோ, மூன்று வரிசையாகவோ, நான்கு வரிசையாகவோ, எந்தப் பெட்டிக்கும் ஏற்றபடி இடைவெளியின்றி அடுக்கலாம். 26 உருப்படி என்றால் இரண்டு வரிசையில் பதின்மூன்று பதின்மூன்றாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெட்டி அடைப்பவர்களுக்கு இந்த எண்களின் குணம் கைப்பழக்கத்தில் தெரியும். ராமானுஜன் செய்தது, இந்த வரிசை எந்த விதிப்படி வளர்கிறது என்று ஆராய்ந்தது. இப்படிப்பட்ட எண்ணில் சிறிய பகா எண்ணின் அடுக்கு, அதாவது அது எத்தனை முறை வருகிறது என்பது, பெரிய பகா எண்ணின் அடுக்கைவிட ஒருபோதும் குறையாது. குறைந்தால், இரண்டு அடுக்குகளையும் மாற்றிப் போட்டு, காரணிகளின் எண்ணிக்கை மாறாமல் இன்னும் சிறிய எண்ணைச் செய்துவிடலாமே! கடைசியாக வரும் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர்த்து, எப்போதும் ஒன்றே என்றும் அவர் நிறுவினார். நம் எண்ணின் அடுக்குகளை வரிசையாகப் படியுங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1. படிக்கட்டு இறங்குவதுபோல் இறங்கி ஒன்றில் முடிகிறது.

லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 1915-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில், நூற்றுக்கும் மேற்பட்ட உயர்பகு எண்களைக் கையால் கணக்கிட்டு, 6746328388800 என்ற எண் வரை அவர் அட்டவணை தந்தார். அதில் 240940299600 இருக்கிறது. அதற்கு 4800 காரணிகள். அதற்கடுத்து 321253732800 இருக்கிறது. அதற்கு 5376 காரணிகள். இரண்டுக்கும் நடுவில் வந்திருக்க வேண்டிய 293318625600 விடுபட்டுவிட்டது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு எண்களிலும் 7 ஒருமுறைதான் வருகிறது, பகா எண்கள் 23 வரை போகின்றன. விடுபட்ட எண்ணிலோ 7 இருமுறை வருகிறது, வரிசை 19-உடன் நின்றுவிடுகிறது. அக்கம்பக்கத்தாரோடு ஒத்துப்போகாத முகம் அதற்கு.

தங்கள் கட்டுரையாளர் இதை "ராமானுஜனின் பிழை" என்று குறிப்பிட்டிருக்கிறார். இந்தச் சொல்லுடன் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கு எழுதுபவர்கள் தவறான பதிவையும் விடுபட்ட பதிவையும் வெவ்வேறாகவே கருதுவார்கள். விடுபட்டது விடுபட்டதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காக அவர் நிறுவிய விதி எதுவும் அசையவில்லை, விடுபட்ட எண்ணும் அந்த விதிகளுக்கு அடங்கியே நிற்கிறது. இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம். விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கிப் பார்த்தால் 6746328388800 வருகிறது, அதாவது அவர் அட்டவணையின் கடைசி எண்ணே வருகிறது! அதன் காரணிகள் 5040-இன் இருமடங்கு, 10080. ஒரு வாரத்தில் எத்தனை நிமிடங்களோ அத்தனை. அந்தக் கடைசி எண்ணையும் 6, 746, 328, 388, 800 என்று பிரித்து, முன்சொன்னபடி கூட்டிக் கழித்தால் பூஜ்ஜியமே வரும். விடுபட்ட எண் முழுதாக அட்டவணையின் கடைசி எண்ணுக்குள் அமர்ந்திருக்கிறது என்பதை அறிந்தபோது, பல நாள் தேடிய ரசீது அதே கோப்பின் கடைசித் தாளுக்கு அடியில் கிடைத்தது போன்ற நிம்மதி எனக்கு ஏற்பட்டது.

இப்போது தங்கள் பக்கத்தில் நேர்ந்த இடமாற்றம் அந்த எண்ணை என்ன செய்கிறது என்று பாருங்கள். 293381625600-இல் 11 இல்லை, 13 இல்லை, 17 இல்லை, 19 இல்லை. இரண்டு 7-களில் ஒன்று போய்விட்டது. நான்கு 3-களில் இரண்டு போய்விட்டன. அளவில் மிகச் சிறிய மாற்றம்தான். பத்தாயிரம் ரூபாயில் இரண்டு ரூபாய் சொச்சம் கூடியது போன்ற வித்தியாசம்தான். ஆனால் காரணிகளைப் பொறுத்தவரை பக்கத்தில் இருப்பதால் உறவு என்று ஒன்றும் கிடையாது. சரியான எண்ணுடன் வெறும் ஒன்றைக் கூட்டினாலும், 2 முதல் 19 வரை உள்ள எந்தப் பகா எண்ணாலும் வகுபடாத, முற்றிலும் வேறான ஓர் எண் வந்துவிடும். விலைவாசியையோ மழையளவையோ ஓரளவு தவறாக அச்சிட்டாலும் படிப்பவருக்குப் பொதுவான நிலவரம் புரியும். முழு எண்ணின் தன்மையைப் பேசும் இடத்தில் அந்தச் சலுகை இல்லை.

ஒருமுறை அட்டவணையில் விடுபட்ட எண், மறுமுறை சரியாக அச்சாகாமல் போவது என் மனத்தை உறுத்துவதற்கு இந்த ஊரும் ஒரு காரணம். 1912 மார்ச் மாதம் முதல் ராமானுஜன் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக வேலை பார்த்தார். அப்போது அவர் குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலி தெருவில். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் தம்மைத் துறைமுகக் கணக்குப் பிரிவின் எழுத்தர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். 1914 மார்ச் 17 அன்று இந்தத் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் ஏறினார். மறு ஆண்டு வெளிவந்த இந்த உயர்பகு எண் கட்டுரைக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. அந்தக் கட்டுரைகூட அப்போது முழுமையாக அச்சேறவில்லை. கணிதக் கழகத்துக்கு இருந்த பணமுடையால் பின்பகுதி நிறுத்திவைக்கப்பட்டு, 1997-இல்தான் வெளிவந்தது. அவர் கணக்கு எழுதிய அதே வட்டாரத்தில் பின்னாளில் கணக்கு எழுதிப் பிழைத்த என் போன்றவர்களுக்கு, அவர் எண் ஒன்று சரியாக அச்சாக வேண்டும் என்பதில் சிறிது உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இராயபுரத்தில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருப்பதையும், அதை உருவாக்கிய கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கையால் செய்துகாட்டிக் கற்பித்ததையும் அடுத்த ஆண்டு இணைப்பில் சேர்க்கலாம். பெரிய எண்களைப் பார்த்து வியந்து நிற்பதோடு விடாமல், அவற்றை வகுத்துப் பார்க்கவும் பிரித்துப் பார்க்கவும் வழி சொல்லும் ஒரு பகுதியையும் அதில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காரணிகள் என்றால் 24-உம் 36-உம்தான் கணக்குப் புத்தகத்தில் வருகின்றன. அதே கணக்குதான் பன்னிரண்டு இலக்கத்துக்கும் என்று தெரிந்தால் அவர்களுக்கு அச்சம் விடும். என் பேத்தி இப்போது 6746328388800-ஐ 1 முதல் 28 வரை ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டிருக்கிறாள். 17 வரை வந்திருக்கிறாள்.

திருத்தத்தை உள்பக்கத்தின் மூலையில் போடாமல், கட்டுரை வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். எண்ணை வெறுமனே கோத்து எழுதாமல் 2,93,31,86,25,600 என்று காற்புள்ளியிட்டுப் போட்டால் படிப்பவர் கண் தடுமாறாது. அச்சுக்குப் போகும் முன் மெய்ப்புப் பார்ப்பவரிடம், 600-இல் 625-ஐக் கழித்து, 318-ஐக் கூட்டி, 293-ஐக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணக்கர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.